அழுக்குப் படாத கை

நம் பொறியியல் கல்லூரிகளின் ரோபோட்டிக்ஸ் ஆய்வகங்களை யாராவது மனம் திறந்து பாராட்டியாக வேண்டும். ஆறு மூட்டுகள் கொண்ட அந்த இயந்திரக் கை எவ்வளவு சுத்தமாக இருக்கிறது! ஒரே இடத்துக்கு ஆயிரம் முறை போய் வரச் சொன்னாலும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குக்கு மேல் பிசகாத கை அது. வாங்கி ஆண்டுகள் பல ஆகியும் அதன் பிடியில் ஒரு கீறல் கிடையாது. கைக்கு வேலை சொல்லிக்கொடுக்கும் டீச் பெண்டன்ட்டின் திரையில் கம்பெனி ஒட்டி அனுப்பிய பிளாஸ்டிக் தாள்கூட இன்னும் உரிக்கப்படவில்லை. சுற்றிலும் மஞ்சள் வேலி, தரையில் மஞ்சள் கோடு, ஏசி, கதவுக்குப் பூட்டு, சாவி துறைத்தலைவரிடம். ஆய்வுக் குழு வரும் நாளில் கதவு திறக்கும். கை எழுந்து ஒரு கட்டையை இங்கிருந்து எடுத்து அங்கே வைக்கும். அந்தக் கட்டை ஒருமுறைகூடக் கீழே விழுந்ததில்லை.

இப்படிப் புகழ்வதற்கு எங்கள் வட்டாரத்தில் பழைய முன்மாதிரி உண்டு. தகடூர் அதியமானுக்காகத் தூது போன ஔவையாருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். இங்கிருப்பவை எண்ணெய் மினுங்கப் பாதுகாப்பாக இருக்கின்றன, எங்கள் அரசனுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்ற பொருளில் ஔவை பேசினார். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. தகடூர் என்பது இன்றைய தருமபுரி. கிருஷ்ணகிரியும் 2004 வரை அந்த மாவட்டத்தோடுதான் இருந்தது. நானும் இருப்பதை மட்டும்தான் சொல்லப் போகிறேன்.

குந்தாரப்பள்ளி கூட்ரோட்டிலிருந்து பார்த்தால் இந்த ஆய்வகங்களின் பெருமை இன்னும் நன்றாகத் தெரியும். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், வெள்ளிக்கிழமை சந்தைக்குப் பேர்போன ஊர் இது. பக்கத்திலேயே குருபரப்பள்ளி, அங்கே சிப்காட்டில் தைவானின் டெல்டா எலெக்ட்ரானிக்ஸ் ஆலை. மின்சக்திக் கருவிகளும் ஆட்டோமேஷனும்தான் அவர்கள் தொழிலே. அதே நெடுஞ்சாலையில் சூளகிரி தாண்டினால் ஓசூர்: டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன், ஏத்தர். போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா. ஆலை கட்டும்போதே ஆயிரக்கணக்கான ரோபோக்கள் என்று சொன்னார்கள். இத்தனை ஆலைகளுக்கு நடுவே இருந்துகொண்டு, ஒரு ஆலையின் எண்ணெய்க் கறையும் தன்மேல் படாமல் ஓர் ஆய்வகம் இருக்கிறதென்றால், அது கடும் விரதம்.

மின்சார மேலாண்மையிலும் அதே நேர்த்திதான். கல்லூரிக் கட்டடத்தின் முகப்பில் பெரிய திரை. எந்த பிளாக்கில் எத்தனை யூனிட் ஓடுகிறது என்று நிமிடத்துக்கு நிமிடம் பச்சையும் சிவப்புமாகக் காட்டுகிறது. யாரும் இல்லாத கருத்தரங்கக் கூடத்தின் ஏசி எவ்வளவு இழுக்கிறது என்பதைக்கூட அது தவறவிடுவதில்லை. எண்ணுகிறது, சேமிக்கிறது, வரைபடம் போடுகிறது. ஏசியை மட்டும் நிறுத்துவதில்லை.

ஓசூர் பட்டறைகளில் இந்தத் திரை இல்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மெஷின்களெல்லாம் நின்ற பிறகும் கம்ப்ரசர் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் காற்று எங்கோ கசிகிறது என்று அங்கே பொருள். காதைக் கொடுத்துக் கேட்கிறார்கள், சோப்பு நுரை தடவிப் பார்க்கிறார்கள், ஓட்டையை அடைக்கிறார்கள். புகைபோக்கி விசிறியின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் அது இழுக்கும் மின்சாரம் ஏறக்குறையப் பாதியாகிவிடும் என்பது, வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவை மாட்டிப் பழகிய எலெக்ட்ரீஷியனுக்கு பில்லைப் பார்த்தே தெரிந்திருக்கிறது. அவர் கட்டுரை எழுதவில்லை. எழுத வேண்டியவர்களிடம் அந்த பில் போய்ச் சேரவும் இல்லை.

கட்டுரை என்றதும் விவசாயத்தைச் சொல்லாமல் விடக் கூடாது. தானியங்கிப் பாசனம் பற்றி ஆண்டுதோறும் தவறாமல் இறுதியாண்டு புராஜெக்ட் வருகிறது. ஒரு பூந்தொட்டி, அதில் கொஞ்சம் மண், மண்ணில் செருகிய ஈரப்பத சென்சார், பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கிய போர்டு, மீன்தொட்டி மோட்டார். மண் காய்ந்தால் மோட்டார் ஓடும், நனைந்தால் நிற்கும். மேசைமேல் அது பிழையில்லாமல் வேலை செய்கிறது. மதிப்பெண் போடுபவர் நானாக இருந்தாலும் குறைக்க மாட்டேன். அடுத்த ஆண்டு வரும் மாணவர் அந்த வடிவமைப்பில் ஒரு திருகைக்கூட மாற்றாமல் முன்னோரைக் கௌரவிக்கிறார்.

வேப்பனப்பள்ளிப் பக்கத்து விவசாயிக்கு மும்முனை மின்சாரம் வரும் நேரம் பகலாகவும் இருந்தது, நடுச்சாமமாகவும் இருந்தது. போர்வெல்லுக்கு இருட்டில் பாம்புக்குப் பயந்து நடந்த கால்கள் அவருடையவை. அந்த நடையை நிறுத்தியது செல்போனிலிருந்து மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் வைத்த மொபைல் ஸ்டார்ட்டர். ஒரு ஃபேஸ் போனாலோ, கிணற்றில் தண்ணீர் வற்றினாலோ தானே மோட்டாரை அணைத்துவிடும் வகைகளும் உண்டு. காயில் கருகி ரீவைண்டிங் கடைக்கு எடுத்துப் போகும் செலவை அது எத்தனை வீடுகளில் மிச்சம் பிடித்தது! ஆட்டோமேஷன் என்றால் எனக்கு இதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. இதைச் செய்தவர்கள் வரப்பில் நின்று விவசாயியோடு பேசியவர்கள்.

ஔவை சொன்ன நுனி முறிந்த வேல்களுக்கு ஓசூரிலேயே நல்ல உதாரணம் டைட்டன். 1984இல் அரசு நிறுவனமான டிட்கோவோடு சேர்ந்து தொடங்கிய கடிகாரக் கம்பெனி அது. பொடிப்பொடியான பாகங்களைச் செய்யவும் கோக்கவும் தேவைப்பட்ட கருவிகளையும் இயந்திரங்களையும் உள்ளேயே செய்துகொள்ளப் பழகினார்கள். அந்தப் பழக்கம் தனித் தொழிலாகவே வளர்ந்து, இப்போது டைட்டன் இன்ஜினியரிங் அண்ட் ஆட்டோமேஷன் என்ற பெயரில் மற்ற ஆலைகளுக்கு அசெம்பிளி லைன் கட்டிக் கொடுக்கிறது. தேவை கழுத்தைப் பிடித்ததால் பிறந்த ஆராய்ச்சி.

ஆராய்ச்சிக்குப் பணமே இல்லை என்று மொத்தமாகச் சொல்லிவிட முடியாது. இந்தியா ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம்தான் என்பது உண்மை. ஆனால் தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐக்களை டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் புதுப்பித்திருக்கிறார்கள். ரோபோட்டும் சிஎன்சியும் ஏழைப் பிள்ளைகளின் கைக்கு எட்டும் தூரத்துக்கு வந்திருக்கின்றன. அந்தப் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். அவர்களை நம்பி மெஷினைத் தொடவிட வேண்டும், தொட்டு உடைத்தால் அதற்கு யாரும் மெமோ கொடுக்கக் கூடாது. உடைந்ததற்கு விளக்கம் எழுதும் வேலை ஆசிரியர் தலையில் விழுகிறவரை எந்த ஆசிரியரும் பூட்டைத் திறக்க மாட்டார். பூட்டி வைத்ததற்கு இதுவரை யாரிடமும் விளக்கம் கேட்டதில்லை. நம் நிர்வாகத்தின் கருணை அப்படி.

பூட்டைத் திறந்தால் செய்ய வேலையா இல்லை? கிருஷ்ணகிரியின் மாங்கூழ் ஆலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். லாரி லாரியாக வந்து இறங்கும் பெங்களூரா மாங்காயைப் பழுக்கவைத்து, சொத்தையைக் கழித்து, காம்பு வெட்டிப் போடும் வேலையில் பெரும்பகுதி இன்னும் கையால்தான் நடக்கிறது. அந்தக் கைகள் பெரும்பாலும் பெண்களுடையவை. ஒரே அளவில் இல்லாத, வழுக்கும், பால் வடியும் பழம். அதைப் பிடிக்கக் கற்ற இயந்திரக் கை எந்த நாட்டு ஆய்வகத்துக்கும் பெருமைதான்.

மின்சாரத்திலும் அங்கே நல்ல கேள்வி ஒன்று இருக்கிறது. சீசன் இரண்டு மூன்று மாதம். மற்ற நாட்களில் ஆலை ஏறக்குறைய உறங்கும். உயர் அழுத்த இணைப்பிலோ, பதிவான உச்சத் தேவை அல்லது அனுமதி பெற்ற கேவிஏவில் 90 சதவீதம், எது அதிகமோ அதற்கு மாதா மாதம் கட்டணம். எத்தனை கேவிஏ வாங்கி வைப்பது, குளிர்பதன அறையின் மின்சுமையை எந்த நேரத்தில் இறக்கி ஏற்றுவது, கூரையில் எவ்வளவு சோலார் போடுவது? மூன்று மாணவர்கள் ஒரு சீசன் முழுக்க ஆலையில் உட்கார்ந்தால் விடை கிடைத்துவிடும். ஆனால் ஆலை ஓடத் தொடங்கும் கோடையில் கல்லூரிக்கு விடுமுறை, அதை நாம் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறோம். ஆகவே அந்தக் கணக்கை இப்போது ஆலையின் கணக்குப்பிள்ளைதான் போட வேண்டியிருக்கிறது, பழைய பில்களை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு.