மெஸ்ஸி தோளில் ஒரு பயங்கரம்

2022 டிசம்பர் 18 இரவு, லுசைல் மைதானத்தில் அந்தக் கொடுமை நடந்தேவிட்டது. கால்பந்து உலகக் கோப்பையைத் தூக்கப்போன மெஸ்ஸிக்கு, கத்தார் அமீர் ஷேக் தமீம் ஒரு கறுப்பு அங்கியைப் போர்த்திவிட்டார். பிஷ்த் என்பார்கள், மாப்பிள்ளைகளும் பெரிய மனிதர்களும் விசேஷ நாளில் போட்டுக்கொள்கிற, சரிகைக்கரை வைத்த மெல்லிய துணி. நம்மூர்க் கணக்கில் பொன்னாடை. உலகக் கோப்பை வரலாற்றின் மகத்தான தருணத்தையே கெடுத்த விசித்திரச் செயல் என்று லண்டன் டெலிகிராஃப் தலைப்பு போட்டு ஒப்பாரி வைத்தது.

1970இல் மெக்சிகோவில் கோப்பை வென்ற பெலேயின் தலையில் சொம்பரேரோ ஏறியது. அது கொண்டாட்டமாம். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கியவர்கள் தலையிலெல்லாம் ஒலிவ இலையைச் சுற்றினார்கள். அது பாரம்பரியமாம். அரபி போர்த்தினால் மட்டும் சட்டை மறைகிறது, சரித்திரம் கெடுகிறது, மூச்சு முட்டுகிறது. மெஸ்ஸிக்கு அல்ல, ஸ்டூடியோவில் உட்கார்ந்திருந்த மேதைகளுக்கு. அவர் பாட்டுக்கு அங்கியோடு ஆடிக்கொண்டே கோப்பையைத் தூக்கினார்.

இந்த வியாதி அன்றைக்குத் தொற்றியதல்ல. போட்டி தொடங்கும் முன்பே பிரான்ஸின் கேலிப் பத்திரிகை லெ கனார் ஆன்ஷெனே, கத்தார் அணியைத் துப்பாக்கி ஏந்திய தாடிக்காரக் கும்பலாக வரைந்து தள்ளியது. மொராக்கோ வீரர்கள் ஜெயித்த கையோடு அம்மாவைக் கட்டிப்பிடித்ததைப் பற்றிப் பேசிக்கொண்டே, டென்மார்க்கின் டிவி2 தொகுப்பாளர் ஒன்றையொன்று அணைத்திருக்கும் குரங்குகளின் படத்தை எடுத்துக் காட்டினார். அப்புறம் மன்னிப்பு. அதற்கென்ன, செலவா!

எழுத விஷயமா இல்லை? அந்த மைதானங்களைக் கட்டியவர்கள் நேபாளத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் நம் நாட்டிலிருந்தும் போன கூலிகள். பாஸ்போர்ட்டை முதலாளியிடம் பறிகொடுத்தவர்கள், சம்பள பாக்கியோடு ஊர் திரும்பியவர்கள், வெயிலில் விழுந்து திரும்பாமலே போனவர்கள். அவர்களைத் தேடிப்போய் எழுதிய செய்தியாளர்களும் மேற்கில் உண்டு. அவர்களுக்கு ஒரு கும்பிடு. உடுப்பைப் பார்த்து உறுமுகிறவனுக்கோ அந்தக் கூலிக்காரன் கண்ணிலேயே படுவதில்லை. அவனுடைய இளக்காரத்தால் லாபம் ஷேக்குகளுக்குத்தான். எந்த நியாயமான கேள்வியையும் 'இனவெறி' என்று சொல்லித் தட்டிவிடலாமே!

நவம்பர் 27 அன்று ஜெர்மனி–ஸ்பெயின் ஆட்டம். ஜெர்மனியின் இசட்.டி.எஃப். தொலைக்காட்சி வர்ணனையாளர், கேலரியில் வெள்ளை உடுப்போடு இருந்த கத்தார்க்காரர்களைப் பார்த்து, குளியலறை அங்கிகள் என்றார். இரண்டே நாளில், ஆண்டுக்கு 20 லட்சம் டன் வரை திரவ எரிவாயு கத்தாரிலிருந்து ஜெர்மனிக்கு வர ஒப்பந்தம் கையெழுத்தானது. 2026 தொடங்கி குறைந்தது 15 ஆண்டுக்கு. அதே 2022 மார்ச்சில் ஜெர்மனியின் பொருளாதார அமைச்சர் ஹாபெக், எரிவாயு கேட்டு தோஹாவுக்குப் போய், கத்தார் அமைச்சருக்கு முன் குனிந்து கைகுலுக்கிய படம் ஊரெல்லாம் சுற்றியது. அந்த அமைச்சர் போட்டிருந்ததும் இதே வெள்ளை உடுப்புதான். அதைக் குளியலறை அங்கி என்று சொல்ல அன்றைக்கு எந்த வர்ணனையாளருக்கும் வாய் வரவில்லை.