அரிசிம்பருப்புச் சோற்றுக்கு ஒரு காஸ்டிங் ஷீட்

பனியன் கம்பெனியில் இருபது வருடம் காஸ்டிங் போட்ட மனிதரிடம் வீட்டு மளிகைக் கணக்கை ஒப்படைக்கக் கூடாது. திருப்பூரில் பல வீடுகளில் ஒப்படைத்துவிட்டார்கள். அவிநாசி ரோட்டிலோ பெருமாநல்லூர் ரோட்டிலோ ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சீனியர் மெர்ச்சண்டைசராக இருப்பார். வயது நாற்பத்தைந்துக்கு மேல். வீட்டுக்கு வந்த பிறகும் கழுத்தில் ஐடி கார்டு தொங்கும். சட்டைப் பையில் பேனாவோடு ஒரு குட்டி கால்குலேட்டர் இருக்கும். செல்போனில் கால்குலேட்டர் இருக்கிறதே என்று கேட்டால், போனுக்கு சார்ஜ் செலவு இருக்கிறதே என்பார். ஊரில் இப்படிப்பட்டவருக்கு என்ன பெயரோ, நாம் காஸ்டிங்காரர் என்று வைத்துக்கொள்வோம்.

அவர் இப்படி ஆனதற்கு அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. பகலெல்லாம் அவர் செய்வது என்ன? நூல் கிலோ இவ்வளவு, நிட்டிங் இவ்வளவு, டையிங், காம்பாக்டிங், பிராசஸ் லாஸ். ஒரு பீஸுக்கு எத்தனை கிராம் துணி. அதன்மேல் சிஎம்டி, அதாவது வெட்டித் தைக்கிற கூலி. லேபிள், பாலிபேக், அட்டைப்பெட்டி. ரிஜெக்ஷனுக்கு மூன்று சதம். எல்லாவற்றையும் கூட்டி, டாலருக்கு மாற்றி, சாமியைக் கும்பிட்டு மெயில் அனுப்புவார். கடல் கடந்து ஒரு வரியில் பதில் வரும்: விலை அதிகம், எங்கள் டார்கெட் பிரைஸ் இது. மறுபடி கணக்கு, மறுபடி கெஞ்சல், கடைசியில் பையர் சொன்ன விலை. இத்தனை வருடம் பையரிடம் வாங்கிய அடியை எங்கேயாவது இறக்கிவைக்க வேண்டாமா? பொழுதோடு வீட்டுக்கு வந்து, கைகால் கழுவி, மனைவியின் எதிரே நோட்டைத் திறந்து உட்காரும்போது அவரே பையர் ஆகிவிடுகிறார்.

2025 ஆகஸ்ட் 27-க்குப் பிறகு இந்த நோய் முற்றியது. அன்றுதான் அமெரிக்கா இந்தியச் சரக்கின் மீதான கூடுதல் வரியை 50 சதம் ஆக்கியது. ஒன்றரை ஷிப்ட் ஓடிய கம்பெனிகள் சில ஒரு ஷிப்டோடு விளக்கை அணைத்தன. வாஷிங்டனில் போட்ட கையெழுத்துக்குக் காஸ்டிங்காரர் வீட்டில் முதலில் குறைந்தது கடுகு தாளிக்கிற எண்ணெய்.

"ஏம்புள்ள, இந்த மாசம் எண்ணெய் எரநூறு மில்லி எச்சாப் போயிருக்குது. எங்க லீக்கேஜ்?"

"உங்கக்கா ஒறம்பரைக்கு வந்து மூணு நாள் இருந்துட்டுப் போனாங்கல்லங்க, அங்கதான் லீக்கேஜ்."

நோட்டில் அந்த வரி உடனே அடிக்கப்பட்டு, 'சாம்பிளிங் செலவு' என்ற தலைப்புக்கு மாற்றப்பட்டது.

அவருடைய முதல் தேதி இரண்டு செய்திகளோடு விடியும். ஒன்று, மில்காரர்கள் இந்த மாத நூல் விலையை ஏற்றினார்களா இறக்கினார்களா என்பது. மற்றொன்று, ரேஷன் கடைக்குப் பருப்பு வந்துவிட்டதா என்பது. அட்டைக்கு ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய், சர்க்கரை கிலோ 25 ரூபாய், அரிசிக்கு 2011 ஜூனிலிருந்து காசே கிடையாது. வெளியே நூறைத் தாண்டி விற்கிற பருப்பு முப்பதுக்குக் கிடைக்கும்போது, வரிசையில் நிற்பதற்குக் கௌரவம் பார்ப்பவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. சொந்த வீடும் காரும் உள்ளவர் அந்த வரிசையில் நிற்கலாமா என்று கேட்பவர்களுக்கு, அட்டையை அரசாங்கம் கொடுத்தது, காரை பேங்க் கொடுத்தது என்று பதில் வைத்திருக்கிறார். வாங்காத சாமானை வாங்கியதாக எஸ்எம்எஸ் வந்துவிட்டால் போதும், அன்றைக்குக் கம்பெனிக்கு அரை நாள் லீவு. அவருடைய ஒரு கிலோ சர்க்கரைக்கு அவரே தணிக்கை அதிகாரி.

சந்தைக்கு மனைவியைத்தான் அனுப்புவார். 2021 மே முதல் வெள்ளைப் பலகை டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இவர் வண்டியை எடுத்தால் பெட்ரோல். ஆகவே 'ஃபிரைட்' என்ற வரியில் பூஜ்யம் விழும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மேற்பார்வைக்கு அவரே தென்னம்பாளையம் உழவர் சந்தைக்கு வருவார். விடிகாலையில் போனால் காய் புதிதாக இருக்கும், பலகையில் எழுதிய விலைதான் விலை. வெயில் ஏறி, விவசாயி சாக்கை உதறி மடிக்கிற நேரத்தில் போனால் மிச்சமிருக்கும் தக்காளி ஒரு கூறாக வந்து சேரும். அவர் இரண்டாவது நேரத்துக்காரர். பொங்கலூர்ப் பக்கத்துச் சின்ன வெங்காயத்தைக் கையில் எடுத்து, ஒன்றை உரித்து, முகர்ந்து, திரும்ப வைப்பார். பத்தில் ஒன்று அழுகலாக இருந்தால் லாட் ஃபெயில். சாக்கை மடிக்கிற பெரியவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏனுங், இது வெங்காயமுங், பொண்ணு பாக்க வந்த மாதிரி பாக்கறீங்" என்பார்.

செகண்ட்ஸ் விஷயத்தில் அவர் மேதை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். காதர்பேட்டையில் ஒரு தையல் கோணலான டீ-ஷர்ட் பாதி விலைக்கு விற்பதைத் தினம் பார்க்கிற ஊர். அந்த ஞானத்தை அப்படியே மளிகைக்குக் கொண்டுவந்துவிட்டார். முழு முந்திரி எதற்கு, பாயசத்தில் எப்படியும் உடைகிறது. உடைத்த முந்திரி வாங்கு. முழு அப்பளம் எதற்கு, தட்டில் வைத்ததும் நொறுக்குகிறோம்; நொறுங்கினதே போதும். அச்சு வெல்லம் எதற்கு, உதிரி வெல்லம் இனிக்காதா? இதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் தீபாவளிக்கு விருந்தாளி முன்னால் தூளாகிப் போன மைசூர்பாகைக் கரண்டியோடு வைத்தது கொஞ்சம் அதிகம்.

ஒரு நாள் கம்பெனி ஸ்டோரில் கழித்துப் போட்ட ஜிஎஸ்எம் கட்டர் ஒன்று வீட்டுக்கு வந்தது. துணியில் வைத்துத் திருகினால் சரியாக நூறு சதுர சென்டிமீட்டர் வட்டமாக வெட்டும். அந்த வட்டத்தை நிறுத்து நூறால் பெருக்கினால் ஒரு சதுர மீட்டர் எடை, அதுதான் ஜிஎஸ்எம். வெந்நீரில் மூன்று தரம் கழுவி, சுட்ட தோசை மேல் வைத்துத் திருகினார். வட்டம் 12 கிராம். ஆக 1,200 ஜிஎஸ்எம்.

"டீ-ஷர்ட்டே 180 தான் அம்மணி. குளிருக்குப் போடற ஃபிளீஸ் 300 இருந்தாலே கனம். இது எவ்வளவு ஹெவி பாரு!"

"அப்ப ராத்திரி இதையே போத்திக்கிட்டுப் படுங்க."

கல்லூரிக்குப் போகும் மகள் தன் தோசையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "அப்பா, ஒரு இஞ்ச்சுக்கு மேல ஓட்டை. நாலு பாயின்ட் போட்டுக்குங்க" என்றாள். துணிச் சோதனையின் பாயின்ட் கணக்கு அந்த வீட்டில் பூனைக்கும் தெரியும்.

கூப்பன் என்றால் அவர் கொஞ்சம் தடுமாறிவிடுவார். ஊருக்குள் புதிதாகத் திறந்த ஒரு பெரிய கடையில் ஆயிரம் ரூபாய்க்கு வாங்கினால் பில்லோடு 50 ரூபாய்க் கூப்பனைப் பின் அடித்துத் தந்தார்கள். பதினைந்து நாளுக்குள், 1,500 ரூபாய்க்கு வாங்கினால் செல்லும். பதினான்காம் நாள் இரவு கூடையோடு நின்றார். 1,420 வந்துவிட்டது. இன்னும் எண்பது. அரிசி, பருப்பு, சோப்பு எல்லாம் வீட்டில் நிறைந்து கிடக்கிறது. சுற்றிச் சுற்றி வந்து, கார் கண்ணாடி துடைக்கிற திரவம் ஒன்றை எடுத்துப் போட்டு ஐம்பது ரூபாயை மீட்டார். நோட்டில் 'சேமிப்பு: 50' என்று சிவப்பு மையில் ஏறியது. அந்த எண்பது? அது 'இதர வகை'.

கூப்பன் வைத்திருப்பவன் கடைக்காரனை ஏமாற்றியதாக நினைத்துக்கொண்டே வீடு வந்து சேருவதுதான் இந்தத் தொழிலின் நுட்பம். அமெரிக்காவில் கோகோ கோலா ஒரு டம்ளர் இலவசம் என்று சீட்டுக் கொடுத்தது 1880-களின் கடைசியில். நம் ஊர் ஆள்கள் ஒன்றும் இளைத்தவர்கள் அல்ல. 1983-இல் கடலூரில் கிளம்பிய சிக் ஷாம்பு, எந்த ஷாம்புவின் காலி பாக்கெட் ஐந்தைக் கொண்டுவந்தாலும் ஒரு சிக் பாக்கெட் தருகிறோம் என்று ஒரு திட்டம் போட்டது. ஜனங்கள் கொண்டுவந்தார்கள். கொஞ்ச நாளில் விதியைத் திருப்பியது: இனிமேல் சிக் காலிப் பாக்கெட் மட்டும்தான். அதற்குள் கடையில் போய் சிக் கொடு என்று கேட்கிற பழக்கம் வந்திருந்தது. காஸ்டிங்காரருக்கு இந்தக் கதை மனப்பாடம், கேட்பவர்களுக்கெல்லாம் சொல்வார். சொல்லிவிட்டு அடுத்த கூப்பனை வெட்டுவார்.

பாக்கெட் விலையில் மட்டும் அவரை யாரும் அசைக்க முடியாது. இப்போதெல்லாம் பாக்கெட் மேல் கிராமுக்கு இத்தனை பைசா என்று அச்சடிக்க வேண்டும் என்று சட்டம். அந்த எறும்பெழுத்தைப் படிக்கவே கண்ணாடி மாற்றியவர். பெரிய பாட்டில் ஷாம்புவைவிடச் சின்னப் பாக்கெட்டே மில்லிக்கு மில்லி மலிவாக இருப்பதைக் கண்டுபிடித்து, குளியலறையில் தோரணம் கட்டியிருக்கிறார். 2025 செப்டம்பர் 22-இல் சோப்பு, பற்பசை, பிஸ்கட்டுக்கு ஜிஎஸ்டி 18-லிருந்து 5 சதம் ஆனதும், பழைய பில்லை ஒரு கையிலும் புதுப் பில்லை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு அண்ணாச்சி கடை வாசலில் நின்றார். 118 ரூபாய்க்கு விற்றது 105-க்கு வர வேண்டும், ஏன் 110?

"சார், இது பழைய ஸ்டாக்கு. உங்க கணக்குல கொடுத்தா எனக்குக் கட்டுப்படியாகாது."

கட்டுப்படியாகாது. இதே வார்த்தையைத்தான் அன்றைக்குக் காலை அவர் ஒரு பையரிடம் போனில் கெஞ்சிச் சொல்லியிருந்தார். அண்ணாச்சி அதைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "சரி, ஒரு கொத்துக் கறிவேப்பிலையாச்சும் போடுங்க" என்று வாங்கிக்கொண்டு வந்தார்.

இத்தனை ஆர்ப்பாட்டத்துக்கும் நடுவில் அந்த வீட்டில் உண்மையாகவே பணத்தை மிச்சப்படுத்துகிறவர் அடுப்படியில் நிற்கிறார். கொள்ளை வேகவைத்த தண்ணீரை இறுத்து ரசம் வைத்துவிட்டு, வெந்த கொள்ளைக் கடைவார். ஒரு கொதியில் இரண்டு பதார்த்தம். புளித்த மாவு பணியாரம் ஆகும். பீர்க்கங்காய்த் தோல் துவையல். மீந்த இட்லி மறுநாள் உப்புமா. ரேஷன் புழுங்கலரிசியில் இட்லிக்கு ஊறப்போடும்போது எத்தனை பங்கு உளுந்து போட்டால் கல்லாகாது என்பது அவர் கைக்குத்தான் தெரியும். அமுச்சி காலத்திலிருந்து நடப்பதையெல்லாம் காஸ்டிங்காரர் 'கட்டிங் வேஸ்ட் ரெக்கவரி' என்று தன் நோட்டில் தன் சாதனையாக ஏற்றிக்கொண்டார்.

ஒரு சனிக்கிழமை ராத்திரி அந்த நோட்டில் அரிசிம்பருப்புச் சோற்றின் காஸ்டிங் தயாரானது. அரிசி 400 கிராம், ரேஷன், பூஜ்யம். பருப்பு 150 கிராம் 4.50. எண்ணெய் 75 பைசா. சின்ன வெங்காயம் 5 ரூபாய். பூண்டு, சீரகம், வரமிளகாய், தக்காளி 8. கேஸ் 4. மொத்தம் 22.25. நான்கு பேருக்கு, தலைக்கு ஐந்தரை ரூபாய்ச் சொச்சம். பெருமையோடு நோட்டைத் திருப்பிக் காட்டினார்.

அந்த அம்மாள் கல்யாணத்துக்கு முன்னால் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவர். பீஸைத் திருப்பிப் பார்க்காமல் விட மாட்டார்.

"ஊத்துக்குளி வெண்ணெய் உருக்கின நெய் ஒரு கரண்டி ஊத்துனனே, அது எங்கீங்க? அதில்லாம இந்தச் சோறு தொண்டைல எறங்குமா?"

"அது டிரிம்ஸ். அடுத்த பக்கத்துல இருக்குது."

"சிஎம்டி எங்கீங்க?"

காஸ்டிங்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கூலி வரியில் ஒரு சின்னக் கோடு மட்டும் கிடந்தது. இருபது வருடத்தில் அந்த வரி காலியாக ஒரு ஷீட்டையும் அவர் பையருக்கு அனுப்பியதில்லை. தையல்காரர் கூலி போட்டே ஆக வேண்டும், அதைக் குறைத்தால் மிஷினில் ஆள் உட்காராது என்று பையரிடம் சண்டை போடுகிறவரும் அவர்தான். அம்மாள் அவர் பையிலிருந்தே பேனாவை எடுத்து, பவர் டேபிள் டெய்லரின் ஒரு ஷிப்ட் கூலியில் பாதியை அந்த வரியில் எழுதி, சந்தைக்குப் போய்வந்த நேரத்தையும் தனியாகச் சேர்த்தார். இருபத்திரண்டு ரூபாய்ச் சோறு ஹோட்டல் பிரியாணி விலையைத் தாண்டியது.

"டார்கெட் பிரைஸுக்குள்ள வராதே அம்மணி."

"வராதுன்னா ஆர்டரை வேற கம்பெனிக்குக் குடுத்துக்குங்க."

பேச்சுவார்த்தை ஞாயிறு மதியம் வரை போனது. அதுவரை அடுப்பு பற்றவைக்கப்படவில்லை. மகள் நடுவராக உட்கார்ந்து எழுதிய ஒப்பந்தப்படி கூலி பணமாகக் கிடையாது, வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை சமையல் காஸ்டிங்காரர் பொறுப்பு.

இப்போது ஞாயிறுதோறும் அவர் சமைக்கிறார். சோறு கொஞ்சம் அடிப்பிடிக்கும், ரசம் ஒரு பாத்திரம் மிஞ்சும், எண்ணெய் கன்சம்ப்ஷன் இரண்டு மடங்கு. அன்றைய வேஸ்டேஜ் எப்படியும் இருபது சதத்துக்குக் குறையாது. அதை மட்டும் அவர் எந்த ஷீட்டிலும் ஏற்றுவதில்லை.