ஆறு கடந்த ஆறு பேர்

ஆவூருக்குப் போயிருக்கிறீர்களா? விராலிமலைப் பக்கம். பாஸ்கா நாடகத்துக்கும் தேருக்கும் பேர்போன ஊர். சுற்றுலாக் குறிப்புகளில் ஒரு வரி தவறாமல் வரும்: பழைய கோயிலை 1547-இல் கட்டியவர் ஜான் வெனான்சியுஸ் புஷே சாமியார். புஷே பிரான்சில் பிறந்ததே 1655-இல். பிறப்பதற்கு 108 வருஷம் முன்னாலேயே புதுக்கோட்டைச் சீமைக்கு வந்து கோயில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். இதைவிடப் பெரிய புதுமை எந்தப் புனிதர் சரித்திரத்திலும் இல்லை. ரோமாபுரிக்கு எழுதிப் போட்டால் உடனே பீடத்தில் ஏற்றிவிடுவார்கள்.

உண்மையில் அவர் வந்தது பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில். மதுரை மிஷன் சாமியார்கள் காவி கட்டினார்கள். தோல் செருப்பை விட்டுப் பாதக்குறடு போட்டார்கள். புலாலும் மதுவும் விட்டு, சோறும் காய்கறியுமாக வயிற்றை ஒடுக்கினார்கள். இறையழைத்தல் என்று சொல்கிறோமே, அதுதான் அவர்களைக் கப்பலேற்றியது. வழியிலேயே கடலோடு போனவர்களும் உண்டு. அதைக் கிண்டல் செய்ய எனக்கு நாக்கு வராது. என் ஆத்திரமெல்லாம் அவர்கள் கரையேறிய பிறகு நடந்ததன் மேல்.

ஏழு கடல் தாண்டி வந்த அழைப்பு, ஊருக்கும் சேரிக்கும் நடுவே கிடந்த வண்டிப்பாதையைத் தாண்டத் தெரியாமல் முழித்தது.

1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி பூணூல் போட்டார், சந்தனம் பூசினார். போடலாமா என்று ரோமில் பெரிய வழக்கு. 1623-இல் பதினைந்தாம் கிரகோரி பாப்பரசர் ‘போடலாம்’ என்றார். பூணூலுக்குப் பாப்பரசரின் உத்தரவு வாங்கிய மதம் உலகத்திலேயே நம்முடையதாகத்தான் இருக்கும். பூணூல் போட்டவர் சேரிக்குள் போனால் தீட்டு. அதனால் 1640 வாக்கில் பண்டாரசாமிகள் என்று இன்னொரு வகுப்புச் சாமியார்கள். அதுவும் போதவில்லை. 1744-இல் பதினான்காம் பெனடிக்ட் பாப்பரசர், பறையர்களுக்கென்றே தனியாகச் சாமியார்களை வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டை அங்கீகரித்தார். ஆண்டவர் ஒருவர்தான், ஆனால் அவரைக் கொண்டுவந்து கொடுக்கிற கை மட்டும் ஆளுக்கு ஏற்ற மாதிரி மாறும். பரிசுத்தம் என்றால் பாவத்திலிருந்து விலகி இருப்பது என்று மறைக்கல்வியில் படித்தோம். இங்கே யார் வீட்டுத் திண்ணையிலிருந்து விலகி இருப்பது என்பதே கணக்கானது.

ஆவூரில் பணி செய்த இன்னொருவர் வீரமாமுனிவர். குறிலுக்கும் நெடிலுக்கும் வித்தியாசம் தெரிய எழுத்துக்குச் சுழி போட்டுக் கொடுத்தவர். உபதேசியார்கள் எப்படி நடக்க வேண்டும் என்று ‘வேதியர் ஒழுக்கம்’ எழுதியவர். அதைவிட நமக்கு உபயோகமான புத்தகம் ஒன்றும் எழுதினார்: பரமார்த்த குரு கதை. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள், ஒரு குரு. ஆற்றைக் கடந்ததும் ஒருவன் தலையை எண்ணுகிறான். தன்னை விட்டுவிட்டு எண்ணியதால் ஐந்துதான் வருகிறது. ஒருவனை ஆறு கொண்டுபோய்விட்டது என்று ஆறு பேரும் ஒப்பாரி வைக்கிறார்கள்.

அந்தச் சீடனாவது தன்னை விட்டுவிட்டு எண்ணினான். நம் சபைகள் அடுத்தவனை விட்டுவிட்டு எண்ணுகின்றன. அதிலும் சாமர்த்தியம் இருக்கிறது. ஞானஸ்நானப் பேரேட்டில் சேரித் தலைகள் எண்ணப்படும். தேர் போகிற தெருவை எண்ணும்போது விட்டுப்போகும். திருவிழா வரி வாங்கும்போது விட்டுப்போகும். ‘உங்களிடம் வரி வாங்கவில்லையே, அதனால் உங்களுக்கு உரிமையும் இல்லை’ என்று கணக்கு முடியும்.

நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் 1872-இல் எழும்பிய கோயிலுக்குக் கால்சட்டை மாதிரி இரண்டு கால். ஒரு காலில் மேல்சாதி, மறுகாலில் மற்றவர், நடுவில் சுவர், இரண்டும் சேருகிற இடத்தில் பீடம். 1910-இல் சுவரை இடித்தார்கள். மேல்சாதியார் சும்மா இருப்பார்களா? நீதிமன்றம் போனார்கள். தோற்றார்கள். ‘சாதியைச் சபைக்கு வெளியே கழற்றிப் போடுங்கள்’ என்று 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் உத்தரவு போட்டபோது தஞ்சாவூர்ச் சீர்திருத்தச் சபையிலும் இதே கூச்சல்தான். வேதத்தில் எந்த அதிகாரத்தைக் கேட்டாலும் தடுமாறுகிறவர்கள், வழக்கம் என்று வந்துவிட்டால் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள்.

பழங்கதை என்று தள்ளாதீர்கள். அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த எறையூரில், தலித் கிறிஸ்தவர்கள் தனிப்பங்கு கேட்டதை ஒட்டி எழுந்த கலவரத்தில் துப்பாக்கிச்சூடு நடந்து இரண்டு பேர் செத்தது 2008 மார்ச்சில். 1752-இல் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம் எல்லோரோடும் சமமாகப் பழகியவர் என்று திருச்சபையே சொல்கிறது. 270 வருஷம் கழித்து, 2022 மே 15 அன்று அவரைப் புனிதராக உயர்த்தினார்கள். அதற்கு முன்னால் அவர் பெயரோடு ஒட்டிவைத்திருந்த ‘பிள்ளை’யை எடுக்கச் சொல்லி ரோமுக்கு மனுப் போட வேண்டியிருந்தது. உயிரோடு இருந்தபோதே அந்த மனிதர் உதறிய வாலைச் செத்த பிறகு தைத்துவிட்டவர்கள் யார்? விக்கிரக ஆராதனைக்காரர்களா? நாம்தான்.

இன்னொரு கூத்து. 1950-ஆம் வருஷத்துக் குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதிச் சலுகை இல்லை என்கிறது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது; நமக்குத் திறக்கவில்லை. அது அநியாயம். அதை எதிர்த்து வருஷா வருஷம் ஆகஸ்ட் 10 அன்று கறுப்புக்கொடி பிடிப்பதும் நியாயம். டெல்லிக்குப் போகிற மனுவில், ‘மதம் மாறியும் சாதிக்கொடுமை தீரவில்லை’ என்று எழுதுகிறோம். ஊரில் ஒருவன் எழுந்து அதையே கேட்டால், ‘தம்பி, கிறிஸ்துவுக்குள் சாதி ஏது? ஜெபம் பண்ணு’ என்கிறோம். டெல்லியில் உண்டு, ஊரில் இல்லை. ரயிலேறினால் மட்டும் தெரிகிற சாதி.

இதற்கிடையில் ‘ஊழிய அழைப்பு’ ஃப்ளெக்ஸ் பேனராகப் புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தைச் சுற்றித் தொங்குகிறது. கோட்டு போட்ட சகோதரர் வானத்தைப் பார்த்துக் கை நீட்டுகிறார். காலடியில் ஜிபே எண். மூன்று நாள் பரிசுத்த அபிஷேகக் கூட்டம். பரமார்த்த குருவின் சீடர்கள் குதிரை முட்டை என்று நம்பிப் பூசணிக்காயை வாங்கினார்கள். இங்கே பூசணிக்காய்கூடக் கிடையாது. விதைக் காணிக்கை மட்டும் உண்டு. ஆப்பிரிக்காவுக்கும் வடநாட்டுக்கும் போக மேடையில் ஆள் திரட்டுகிறார்கள். போகட்டும், நல்லது. அதே மாவட்டத்தில் வேங்கைவயல் இருக்கிறது. 2022 டிசம்பரில் தலித் மக்கள் குடிக்கிற நீர்த்தொட்டியில் மலம் கிடந்தது. அந்தத் தண்ணீரைக் குடித்த பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். 2025 ஜனவரியில் போலீஸ் தாக்கல் செய்த குற்றப்பத்திரிகையில் அந்தச் சமூகத்து இளைஞர்கள் மூவர் பெயரே இருந்தது. தண்ணீரை மந்திரித்துத் தெளிக்கிற, தண்ணீரில் முக்கி எடுக்கிற மதம் நம்முடையது. அந்தத் தொட்டியடியில் ஒரு அபிஷேகப் பந்தலையும் நான் பார்க்கவில்லை. அந்தப் பாதைக்கு அழைப்பு வரவில்லையோ என்னவோ. சிக்னல் இல்லாத ஊர்.

பரமார்த்த குரு கதையில் ஒரு வழிப்போக்கன் வருவான். காசை வாங்கிக்கொண்டு, ஆறு பேரையும் வரிசையாக நிறுத்தி, முதுகில் தடியால் ஒவ்வொரு அடி போட்டு எண்ணிக் காட்டுவான். அப்போதுதான் ஆறு பேரும் இருப்பது அவர்களுக்குத் தெரியும்.

திருச்சி மாவட்டம் கோட்டப்பாளையத்து தலித் கத்தோலிக்கர்கள் கோயிலில் தங்களிடம் வரி வாங்குவதில்லை, தேர் தங்கள் தெருவுக்கு வருவதில்லை என்று மேற்றிராசனத்திடம் முறையிட்டார்கள், உயர்நீதிமன்றம் போனார்கள், கடைசியில் டெல்லிக்குப் போனார்கள். 2025 பிப்ரவரியில் விளக்கம் கேட்டு உச்சநீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பியது.