மைக் எடுக்கலை தம்பி

அடுக்குமாடிக் குடியிருப்பு ஒவ்வொன்றிலும் இவர் ஒருவர் இருப்பார். வங்கியிலோ மின்வாரியத்திலோ ஓய்வு பெற்றவர். கல்லூரி நாட்களில் மெல்லிசைக் குழுவில் பாடியவர், அல்லது பாடியிருக்க வேண்டியவர். மே மாதத்து நண்பகலில் ஜன்னல்களை இறுகச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, வியர்வை வழிய ஒருவர் "ஹலோ... ஹலோ..." என்று யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம், அவர்தான். கரோக்கே ட்ராக்கை ஓடவிட்டு, கூடவே பாடிப் பதிவு செய்து, சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவது அவருடைய ஓய்வுக்காலத் திருப்பணி. பதிவில் வயலின் கேட்கும், தபேலா கேட்கும், பக்கத்து வீட்டு மிக்ஸிகூடக் கேட்கும். அவர் மட்டும் கேட்க மாட்டார்.

"மைக் எடுக்கலை தம்பி" என்று எதிர்வீட்டு இன்ஜினியரிங் மாணவனைப் பிடித்துக்கொண்டு வருவார். கம்ப்யூட்டர் படிக்கிற பையனுக்கு மைக் தெரியாமலா போகும் என்பது அவர் கணக்கு.

முதல் மைக், செல்போனோடு வந்த ஹெட்செட். அதன் ஜாக்கில் மூன்று வளையங்கள். பழைய கம்ப்யூட்டரின் முதுகில் உள்ள இளஞ்சிவப்புத் துளையோ இரண்டு வளைய ஜாக்குக்கானது. செருகினால் நுழையும், நுழைந்ததோடு சரி. பையன் ஒரு கன்வெர்ட்டர் வாங்கி மாட்டினான். குரல் எறும்பளவுக்கு வந்தது. விண்டோஸ் செட்டிங்கில் மைக்ரோஃபோன் பூஸ்ட் என்று ஒரு பட்டை இருப்பதையும் காட்டித் தொலைத்தான். அவர் அதை ஒரே இழுப்பில் 30 டெசிபெல்லுக்குக் கொண்டுபோனார். பூஸ்ட்டுக்கு வேண்டியவர் வேண்டாதவர் கிடையாது. குரலோடு மின்விசிறி, தெருவில் போகிற ஆட்டோ, குக்கர் விசில் எல்லாம் சேர்ந்து எழுந்தன. மின்விசிறிக்கு ஓய்வு கொடுக்கும் வழக்கம் அன்று தொடங்கியதுதான்.

இரண்டாவது, ஸ்டாண்டோடு வந்த யூஎஸ்பி கண்டென்சர் மைக். அது வந்த கையோடு சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டப்பட்டது. அந்த அட்டை மிக்ஸியைத் தடுக்காது என்று சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. இத்தனை ஏற்பாட்டுக்கும் பிறகு பாட்டைப் பதிவு செய்துகொண்டிருந்தது, புது லேப்டாப்பின் விளிம்பில் குண்டூசித் துளையாக இருக்கும் மைக். எந்த மைக்கிலிருந்து எடுக்க வேண்டும் என்று மென்பொருளுக்கு யாரும் சொல்லவில்லை. புது மைக் கொலு பொம்மையாக நின்றுகொண்டிருந்தது. பையன் அந்தச் செட்டிங்கை மாற்றிக்கொடுத்தும் குரல் ஏறவில்லை. இந்த வகை மைக்குகள் பலவற்றுக்கு முகம் பக்கவாட்டில். இவர் பாடியது அதன் உச்சந்தலையைப் பார்த்து.

மைக்கைச் சோதிக்கும் முறை மட்டும் அவருக்குத் திருவிழா மைக் செட்டுக்காரர்கள் வழியாக வந்தது. விரலால் டொக், டொக். பிறகு "ப்பூ, ப்பூ". ஊதியதும் மீட்டர் சிவப்பில் போய் முட்டும். "பாத்தியா, எகிறுது!" என்று கெயின் குமிழைப் பாதிக்குக் கீழே திருகிவிடுவார். அப்புறம் இரண்டு முழம் பின்னால் போய், கண்ணை மூடிக்கொண்டு பல்லவியை ஆரம்பிப்பார். ஊதலுக்கு வைத்த அளவில் பாட்டு எங்கே ஏறும்? பாட்டிலேயே உரக்க வரும் அடியைப் பாடிப் பார்த்து, மீட்டர் மைனஸ் 12 டெசிபெல் பக்கம் வரும்படி குமிழை வைப்பதுதான் முறை. ஆனால் அந்த அடியைச் சோதனைக்குப் பாடி வீணாக்க அவருக்கு இஷ்டமில்லை.

இரண்டு முழத்துக்கும் காரணம் உண்டு. ஏதோ ஒரு பள்ளி ஆண்டு விழாவில், எர்த் சரியில்லாத ஆம்ப்ளிஃபயர் ஒன்று மைக் வழியாக அவர் உதட்டில் ஷாக் அடித்திருக்கிறது. அன்று விலகியவர் இன்னும் கிட்டே வரவில்லை. ஒரு சாண் தூரம் ஒரு முழமானால் 6 டெசிபெல் போயிற்று. இரண்டு முழமானால் இன்னொரு 6. இதைச் சொன்னால், "கிட்டப்பா காலத்துல ஏது தம்பி மைக்கு? கடைசி வரிசைக்கும் கேட்டுச்சே!" என்பார். வாஸ்தவம். எஸ்.ஜி. கிட்டப்பா நாடக மேடையில் மைக் இல்லாமல்தான் பாடினார். ஆனால் நம்மவர் பாட எடுப்பதெல்லாம் பி.பி. ஸ்ரீனிவாஸ் பாடல்கள். காதோரம் வந்து சொல்லும் அந்தப் பாணி, மைக் என்ற ஒன்று வந்ததால்தான் சாத்தியமாயிற்று. நிற்பது கிட்டப்பாவின் தூரத்தில், பாடுவது ஸ்ரீனிவாஸின் குரலில். பாவம் மைக், என்னதான் செய்யும்?

"ஏங்க, சமையல்கட்டுக்கு நல்லாத்தானே கேக்குது" என்று வீட்டம்மா சொல்லிப் பார்த்தார். பயனில்லை.

'த்ரில்லர்' ஆல்பத்துக்கு மைக்கேல் ஜாக்சன் பாடியது ஷ்யூர் எஸ்எம்7 மைக்கில் என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். 1982இல் வந்த ஆல்பம், தகவல் சரிதான். பென்ஷன் அரியர்ஸ் வந்ததும் அந்த வரிசையில் பிறகு வந்த எஸ்எம்7பி வீட்டுக்கு வந்தது. அதன் சுபாவமே மெல்லிய சிக்னல் தருவது. வாயருகே வைத்துப் பாடினாலே 60 டெசிபெல் அளவுக்குக் கெயின் கேட்கும். ஒலிப்பதிவுக் கூடத்தில் அதற்குத் தோதாக ஏற்றித் தரும் ப்ரீஆம்ப் இருக்கும். இவரிடம் இருந்தது மைக்கை லேப்டாப்போடு இணைக்கும், கைக்கு அடக்கமான ஒரு இன்டர்ஃபேஸ், எதிரே இரண்டு முழம் வெட்டவெளி. மைக்கின் விலை ஏற ஏறக் குரல் இறங்கிக்கொண்டே போனது.

கடைசியில் 25 டெசிபெல் ஏற்றித் தரும் ஒரு சின்னப் பெட்டியையும் வாங்கினார். இன்டர்ஃபேஸில் பாண்டம் பவர் பட்டனை அழுத்தினால்தான் அதற்கு உயிர் வரும். பட்டனில் 48 வோல்ட் என்று எழுதியிருந்தது. படித்தவர் நாற்காலியை இன்னும் ஒரு அடி பின்னுக்குத் தள்ளினார்.

"மைக் மேலயா 48 வோல்ட்டு?"

"உதட்டுக்கு வராது அங்கிள். அது அந்தப் பெட்டிக்குத்தான்."

"நீயே அழுத்து தம்பி. செருப்பு போட்டுக்கோ."

பையன் அழுத்தினான். மைக்கைத் தானே பிடித்துக் காட்டினான். பிறகு அவரை நாற்காலியோடு இழுத்து, வாய்க்கும் மைக்குக்கும் சரியாக ஒரு சாண் அளந்து உட்காரவைத்தான். ஊத விடவில்லை. அன்று பாடியது அத்தனையும் பதிவானது, மூச்சு வாங்கியது உட்பட.

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு முழுப் பாட்டையும் கேட்டார். திரும்ப ஒரு முறை ஓடவிட்டார். கழற்றி மேஜையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சத்தமெல்லாம் நல்லாத்தான் எடுக்குது. ஆனா சரணத்துல சுருதியைக் கொஞ்சம் எறக்கி எடுக்குதே தம்பி. அதுக்கு எந்தப் பட்டன்?"