எஞ்சின் வாங்க முன்னம் என்னட்டை ஒரு சொல்லு

தம்பி, நீ 69 ஆம் ஆண்டுக் கமரோ ஒண்டை வாங்கிக் கராச்சுக்குள்ள ஒளிச்சு வைச்சிருக்கிறது எனக்கு மாரியிலயே தெரியும். புரோசார்ட்டில என்னத்தை ஒளிக்கலாம்? ஒரு பகுதிக்குள்ள எல்லாத் தெருவும் ஒரே எழுத்தில தொடங்குது. வீடு பிழைச்ச சனம் முழுக்க உன்ர வாசலிலதான் காரைத் திருப்புது. கொம்மாவுக்கு மட்டுந்தான் தெரியாது. நான் சொல்லமாட்டன், பயப்பிடாதை.

உதுக்குள்ள புது எஞ்சின் வைக்கப்போறியாம், 500 குதிரைவலு வேணுமாம். நல்லது. எங்க ஓடப்போறாய்? டாஷெரோ புல்வாரில சிக்னலுக்குச் சிக்னல் நிண்டு நிண்டு போறதுக்கோ? இல்லாட்டிச் சம்ப்ளேன் பாலத்திலயோ? பாலத்துக்கு நடுவால 2023 யூலையில இருந்து சாரதியே இல்லாத ரயில் ஓடுது. காலமை நெரிசலில நீ 500 குதிரையோட நிக்க, ஆளில்லாத அந்த வண்டி உன்னைத் தாண்டிப் போகும். பிறகு மார்கழி முதலாந் திகதியில இருந்து பங்குனி 15 வரை குளிர்கால ரயர் போடோணும் எண்டு கியூபெக் சட்டம். ரோட்டு உப்புக்குப் பயந்து நீ அதுக்கு முதலே காரைப் படுக்கவைச்சிடுவாய். வருசத்தில ஆறு மாசம் ஓடுற காருக்கு என்ன வேணும் எண்டு ஆறுதலாய் இருந்து யோசி.

குதிரைக் கணக்கை நம்பாதை. உன்ர எஸ்.எஸ். காரின்ர 350 கன அங்குல எஞ்சினுக்கு 300 குதிரைவலு எண்டு 69 இல எழுதினவை. எஞ்சினைத் தனிய ஒரு கட்டையில நிப்பாட்டி, சைலென்சர், எயர் கிளீனர், ஒல்ற்றனேற்றர் ஒண்டின்ர பாரமும் இல்லாமல் அளந்த கணக்கு அது. கலியாணத் தரகர் மாப்பிள்ளையின்ர சம்பளம் சொல்லுற மாதிரி, வரியும் வாடகையும் கழிக்காத தொகை. 72 இலதான் காரில இருக்கிறபடியே எல்லாம் பூட்டி அளந்து எழுதத் தொடங்கினவை. அதாலை 98 கமரோவில வந்த எல்.எஸ்.1 எஞ்சினுக்கு 305 எண்டு போட்டிருக்கிறதைப் பாத்து, அஞ்சு குதிரைதானே கூட எண்டு சிரிக்காதை. அது கழிச்சு மிஞ்சின காசு.

அந்த 98 கமரோ எங்க செய்தது தெரியுமோ? டிற்றொயிற்றில இல்லை. உந்தப் பாலத்தைத் தாண்டி 15 ஆம் நெடுஞ்சாலையில வடக்கை போனா வாற புவாபிறியானில. சென் தெரேஸ் தொழிற்சாலை எண்டு பேர். 93 ஆம் ஆண்டு மொடலில இருந்து 2002 ஆவணியில கடைசிக் கார் இறங்கும் மட்டும், கமரோவும் ஃபயபேர்டும் அங்க இருந்துதான் உலகத்துக்குப் போனது. பிறகு இழுத்து மூடி, இடிச்சு, இப்ப அந்தக் காணியில கடைத்தொகுதி. எங்களுக்கு இங்க டீஸ் திறாந்த் காணாதெண்டு அங்கயும் ஒண்டு. நீயென்னடா எண்டால் கலிபோர்னியாவில எஞ்சின் தேடுறியாம்! உன்ர காருக்குச் சொந்த மச்சான் முறையில ஒண்டு ஆத்துக்கு அங்கால பிறந்து, அடிபட்டு, ஏதோ ஒரு உடைச்ச கார் யாட்டில படுத்திருக்கும். அதைத் தேடு.

எஞ்சினை மட்டும் கழட்டிக்கொண்டு வந்திடாதை. கியர்பெட்டி, வயர்க் கட்டு, கொம்பியூட்டர், பெடல் எல்லாத்தையும் ஒரே காரில இருந்து ஒண்டாய்க் கொண்டு வா. ஒண்டொண்டாய்ச் சேர்க்கிறவன்ர கார், அவன்ர பிள்ளை லைசென்ஸ் எடுக்கிற காலத்திலயும் மரக்கட்டையிலதான் நிக்கும். அந்தக் கொம்பியூட்டரில ஒரு குசும்பு இருக்கு. பழைய காரின்ர திறப்பை அது தேடும். காணாட்டி எஞ்சின் புர்ரெண்டு பிடிச்சு இரண்டு செக்கனில செத்துப்போம். நீ பெற்றோல் பம்பை மாத்து, பிளக்கை மாத்து எண்டு கிழமைக் கணக்கில மினக்கெடுவாய். திருட்டுப் பூட்டை முதலே கொம்பியூட்டரில அழிப்பிச்சுப்போடு.

உன்ர கூட்டாளி ஒருத்தன் ஃபோர்ட் கயோட்டி வை எண்டவனாம். நல்ல எஞ்சின்தான், ஆனால் தலைக்கு ரண்டு கம் சாஃப்ற் வைச்சு அகண்டுபோய் இருக்கு. எல்.எஸ். இல ஒரே கம் சாஃப்ற், அதுவும் வயித்துக்குள்ள. மேல ஒடுக்கம். அலுமினியம் எண்டபடியால் பழைய இரும்பு எஞ்சினை விட நூறு இறாத்தல் மட்டில பாரமும் குறைவு. எல்.எஸ். குடும்பத்து லொறி எஞ்சின் மலிவு எண்டு 5.3 லீற்றரை வாங்கினாலும் பிழையில்லை. ஆனால் அதின்ர ஒயில் சம்ப் ஆழம், ரோட்டில முட்டும். அதை மாத்திற காசையும் கணக்கில போடு.

இனி நீ கேக்காத கேள்விக்கு வாறன். எஞ்சினைப் பற்றி மூண்டு மாசமாய்க் கதைக்கிறாய், கியர்பெட்டியைப் பற்றி ஒரு சொல் இல்லை. உன்ர காரில இருக்கிறது மூண்டு கியர் ஒட்டோ. மேல் கியரில ஒண்டுக்கு ஒண்டு. 3.73 டிஃப், 26 அங்குல ரயர் எண்டால், மணிக்கு 100 கிலோமீற்றரில எஞ்சின் நிமிசத்துக்கு 3000 தரம் சுத்தும். 10 ஆம் நெடுஞ்சாலையில செர்புறூக் போய்ச் சேர முதல் உனக்குக் காது அடைச்சிடும். 4 எல் 60 ஈ எண்ட நாலு கியர் ஒட்டோவைப் பூட்டினால் அதே வேகத்தில 2100. கமரோவில வந்த ஆறு கியர் ரி-56 எண்டால் 1500. பாட்டுக் கேக்கலாம், பக்கத்தில இருக்கிறவளோட கதைக்கலாம், பெற்றோலும் மிஞ்சும். காரைப் புதுக் காராக்கிறது கியர்பெட்டி. எஞ்சின் சத்தம் போடுற ஆள், அவ்வளவுதான்.

எது எண்டு என்னைக் கேட்டால், உன்ர இடது முழங்கால் எப்பிடி? காலமைப் பால நெரிசலில கிளச்சை மிதிச்சு மிதிச்சு ஓட விருப்பமெண்டால் ஆறு கியர். ஆனால் அது தடிச்சது. காரின்ர நடுத் தகட்டு மேட்டை அடிச்சு உயர்த்தோணும், இல்லாட்டி வெட்டோணும். 69 இல செய்த தகட்டில வாள் வைக்க உனக்கு மனம் வருமோ? ஒட்டோ எண்டால் அவ்வளவு வெட்டுக்கொத்து இல்லை. எதை வைச்சாலும் புறொப்பெலர் சாஃப்ற்றை அளந்து புதிசாய்ச் செய்விக்கோணும்.

பெற்றோல் தாங்கியை மறந்துபோவாய் எண்டு எனக்குத் தெரியும். கார்பரேற்றருக்கு ஆறேழு பி.எஸ்.ஐ. அழுத்தம் காணும். எல்.எஸ்.1 க்கு 58 வேணும். தாங்கிக்குள்ள பம்ப் வைக்கோணும், குழாயும் மாத்தோணும். யாழ்ப்பாணத்தில பெற்றோல் தடைக் காலத்தில ஏ-40 ஒஸ்ரின் எல்லாம் எப்பிடி ஓடினது? கார்பரேற்றரில ரண்டு துளி பெற்றோல் விட்டுப் பிடிக்கப்பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில விட்டவங்கள். அமுக்க விகிதம் ஏழு மட்டில இருந்த எஞ்சின், பொறுத்துக்கொண்டு புகைவிட்டுப் போனது. உன்ர எல்.எஸ்.1 இல அமுக்க விகிதம் பத்துக்கு மேல. மண்ணெண்ணெய் காட்டினியோ, அதோட சரி.

பிறேக் பழசு எண்டால் முதல் அதை மாத்து. ஓடுறது பெரிய வேலையில்லை, நிக்கிறதுதான். இன்சூரன்ஸ்காரனுக்கும் வாகனப் பதிவு பாக்கிற எஸ்.ஏ.ஏ.கியூ.வுக்கும் வேலை தொடங்க முன்னம் சொல்லிப்போடு. மோதினாப் பிறகு சொன்னால் அவங்கள் சிரிக்கமாட்டாங்கள்.

கடைசியாய் ஒண்டு. கழட்டிற பழைய 350 ஐ இரும்புக்கு வித்துப்போடாதை. முன்பக்கம், வலது தலைக்குக் கீழ, ஒரு சின்னத் தட்டையில நம்பர் அடிச்சிருக்கும். காரின்ர நம்பரோட அது பொருந்தினால், நாளைக்கு விக்கேக்க அதுக்கெண்டே காசு கூடக் குடுப்பாங்கள். உன்ர கராச்சில இடமில்லை. என்ர கராச்சில இருக்கு, வாடகை கேக்கமாட்டன். ஆனால் சும்மா கிடந்தால் எஞ்சின் இறுகிப்போம், இடைக்கிடை ஓடவிடோணும். லோங்கேயில ஒருத்தன் 72 நோவா ஒண்டை எஞ்சின் இல்லாமல் விக்கிறான். அதுக்குள்ள உன்ர 350 அப்பிடியே இருக்கும், அளந்து பாத்திட்டன். கார்பரேற்றரைக் கழட்டாமல் தா. கொம்மா கேட்டால், கராச்சுக்குள்ள நான் ஒண்டும் காணேல்லை.