பேட்டரிக்கும் இறக்கை வேண்டும்

கேள்வி: என் மாவிக் மினி ட்ரோன் அரை மணி நேரத்தில் இறங்கிவிடுகிறது. வெளியே இன்னொரு பேட்டரி கட்டினால் ஒரு மணி நேரம் பறக்குமா?

பதில்: கட்டிய பேட்டரியையும் அதுதானே தூக்க வேண்டும்! மினியின் எடை 249 கிராம். அதில் பேட்டரி மட்டும் சுமார் 100 கிராம். இன்னொன்றை ஏற்றினால் எடை 40 சதவீதம் கூடும். அந்தரத்தில் நிற்கத் தேவையான மின்சக்தியோ 65 சதவீதம்போல எகிறும். தீனி இரண்டு மடங்கு, பசி ஒன்றரை மடங்குக்கும் மேல். கணக்குப் போட்டால் 30 நிமிடம் 36 ஆகும். இந்த ஆறு நிமிடத்துக்கா இவ்வளவு சால்டரிங்?

கட்டியே தீருவேன் என்றால், செல் எண்ணிக்கையும் வகையும் ஒன்றாக இருக்கட்டும். இணைப்பு பேரலல். வோல்டேஜ் இரண்டிலும் சமமாக இருக்கும்போதுதான் சேர்க்கலாம். இல்லாவிட்டால் நிறைந்தது குறைந்ததற்குள் பாய்ந்து வயர் பழுத்துவிடும். எடையை நட்டநடுவில் வையுங்கள். சாய்ந்தால் அந்தப் பக்கத்து மோட்டார்கள் கூடுதலாக உழைத்துச் சூடேறும். திரையில் தெரியும் சதவீதத்தை நம்பி உயரே போகாதீர்கள். சொந்த பேட்டரி தன் செலவை மட்டுமே எண்ணும். வெளி பேட்டரி எப்போது தீர்ந்தது என்று அதற்குத் தெரியாது.

போதாக்குறைக்கு, இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராமைத் தாண்டினால் உங்கள் ‘நானோ’ வகை ட்ரோன், ‘மைக்ரோ’ வகை ஆகிவிடும். கேட்காமலே பதவி உயர்வு!

பேசாமல் இன்னொரு ஒரிஜினல் பேட்டரி வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். இறக்கி, மாற்றி, ஏற்ற ஒரு நிமிடம் ஆகுமா? அந்த எடையை நீங்கள் சுமந்தால் போதும்.