பிரிண்ட் பெரியவர்

பழைய கலர் படங்களை வீட்டில் போட்டுப் பார்ப்பவர்களில் ஒரு வகையினர் உண்டு. கதை, பாட்டு, நடிப்பு எதைப் பற்றியும் விசாரிக்க மாட்டார்கள். "பிரிண்ட் எப்படி?" என்பது ஒன்றுதான் கேள்வி. பெரும்பாலும் ஆண்கள், ஐம்பதைத் தாண்டியவர்கள்.

இப்படிப்பட்ட ஒரு பெரியவரின் அலமாரியில் 'கர்ணன்' (1964) கேசட்டாக ஒன்று, விசிடியாக ஒன்று, டிவிடியாக இரண்டு இருக்கும். நான்கிலும் குறை உண்டு. கேசட்டில்தான் கலர் சரியாக இருந்தது என்று சாதிப்பார். வி.எச்.எஸ். நாடாவின் துல்லியமே சுமார் 240 கோடுதான். சிவப்புப் பட்டு அதில் உடலை விட்டு வெளியே வழியும். அதைச் சொன்னால், டேப் ஹெட்டைத் துடைக்கவில்லை என்று நம்மீதே பழி வரும்.

உறவினர் வீட்டுக்குப் போனால் காபிக்கு முன் ரிமோட்டைக் கேட்பார். டிவியில் 'விவிட்' என்று கடைக்காரர் வைத்துவிட்டுப் போனதை அணைப்பார். அடுத்து, அசைவை வழவழப்பாக்கும் வசதிக்கு ஒரு அழுத்து.

"நல்லாத்தானே மாமா இருந்துச்சு?"

"சினிமாடா இது. நீ சீரியலாப் பாத்துக்கிட்டிருந்தே."

ஆள் விவரம் தெரியாதவர் அல்ல. 1950இல் வந்த ஈஸ்ட்மன் கலரில் மூன்று சாயமும் ஒரே ஃபிலிமில் அடுக்காக இருக்கும். அந்தக் காலத்துப் பிரிண்டுகளில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளுத்துவிடும். வானம், வயல், வில்லன் எல்லாம் ரோஸ் நிறமாகிவிடும். டெக்னிகலர் பிரிண்டில் சாயங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டார்கள்; அது எளிதில் மங்காது. கேவாகலரில் எடுத்து லண்டனில் டெக்னிகலர் பிரிண்ட் போட்ட 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959) பேச்சு வந்தால் பெரியவர் நிமிர்ந்து உட்கார்வார். வசனத்துக்காக அல்ல.

அவருடைய நிஜமான கோபம் சதுரப் படத்தை அகல டிவிக்கு வெட்டுகிறவர்கள்மேல். 4:3 படத்தை 16:9 திரை முழுக்க நிரப்பினால், உயரத்தில் கால் பங்கு போய்விடும். புராணப் படமானால் கிரீடம் போகும். நாட்டியமானால் பாதம் போகும். பாதம் தெரியாத பரதநாட்டியத்துக்கு 'டிஜிட்டல்' என்று பெயர் வைத்து விற்கிறார்கள் என்று அவர் பொருமுவதில் நியாயம் இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஃபிலிமின் பொடிமணியைத் துடைக்கிறேன் என்று தோலையும் சேர்த்துத் துடைத்து, நாயகியை மெழுகு பொம்மையாக்குவதையும் அவர் மன்னிப்பதில்லை. புளூரேயின் 1080 கோடும் 4கேயின் 2160 கோடும் அப்படித் துடைத்துப்போன முகத்தை மீட்டுத் தராது.

சிக்கல் ஒன்றுதான். அவர் ஒப்பிடும் அசல் நிறம் சிறுவயதில் டூரிங் டாக்கீஸில் பார்த்தது. கார்பன் விளக்கு, அழுக்குத் திரை, பல ஊர் சுற்றிக் கீறல் விழுந்த பிரிண்ட்: இந்த மூன்றும் சேர்ந்து காட்டிய நிறத்தை எந்த நிறுவனமும் டிஸ்க்கில் போட்டுத் தர முடியாது.

இவர் வீட்டுக்கு வரும் நாளில் கறுப்பு வெள்ளைப் படம் போடுவது உத்தமம். 'அந்த நாள்' போடலாம். கறுப்பு போதவில்லை என்பார், அதோடு விட்டுவிடுவார்.